மூணு மாவட்டத்துக்கு ஒரு வண்டி: டெல்டாவுக்கு வந்து சேராத பள்ளி உளவியலாளர்

(ஒலிபரப்பான எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா சில இடங்கள்ல சுருக்கியிருக்கோம்.)

புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு வரி அறிமுகம்: பகல்ல சாஃப்ட்வேர் வேலை, ராத்திரி இந்த மைக். படிச்சது இன்ஜினியரிங், வளர்ந்தது பாபநாசம் பக்கம். அதனால நம்ம நிகழ்ச்சியில உலகத்துல எங்க சுத்தினாலும் கடைசியில காவிரிக் கரைக்கு வந்துடுவோம். இன்னைக்கு நேரா கரையிலயே ஆரம்பிக்கிறேன்.

2004-ம் வருஷம், ஜூலை 16. கும்பகோணம் காசிராமன் தெருவுல இருந்த ஸ்ரீகிருஷ்ணா பள்ளியில சமையல் பண்ற இடத்துல பிடிச்ச தீ, கீத்துக் கூரைக்குத் தாவுச்சு. 94 குழந்தைங்க இறந்துபோனாங்க. அதே வருஷம் டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000 பேருக்கு மேல போனாங்க. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு மாசம் பத்து நாள். 1991-ல பிரியிற வரைக்கும் ரெண்டு ஊரும் ஒரே தஞ்சாவூர் மாவட்டம்.

இந்த ரெண்டு சம்பவத்தைப் பத்தியும் நிறையப் பேசியாச்சு. நான் பேச வந்தது அதுக்கப்புறம் வந்த திங்கட்கிழமைகளைப் பத்தி. தீயில இருந்து தப்பிச்ச பிள்ளை மறுபடியும் ஒரு வகுப்பறைக்குள்ள போய் உக்காரணும். கடல் சத்தம் கேட்டாலே நடுங்குற பிள்ளை, அந்தச் சத்தம் கேக்குற தூரத்துலயே இருக்குற பள்ளிக்கூடத்துல பெருக்கல் கணக்கு போடணும். அந்தப் பிள்ளையைப் பாத்துக்க வேண்டியது யார்? அம்மா அப்பா உண்டு, டீச்சர் உண்டு. ஆனா இதுக்குன்னே பயிற்சி எடுத்த ஒரு ஆள் உலகத்துல இருக்காங்க. ஸ்கூல் சைக்காலஜிஸ்ட், பள்ளி உளவியலாளர். சில நாடுகள்ல அந்த வேலைக்கு முனைவர் பட்டம் வரைக்கும் படிக்கணும். அந்தப் படிப்பு எப்படி உருவாச்சு, அதுல அப்படி என்ன சொல்லித் தராங்க, நம்ம டெல்டாவுக்கு அது ஏன் வந்து சேரலை? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஸ்பெல்லிங் வராத பையன்

1896, அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல லைட்னர் விட்மர்னு ஒரு உளவியல் பேராசிரியர். ஜெர்மனியில லைப்ஸிக் போய், வில்ஹெல்ம் வுண்ட்கிட்ட முனைவர் பட்டம் வாங்கினவர். அந்தக் காலத்து உளவியல்னா முழுக்க ஆய்வுக்கூட வேலை. வெளிச்சம் தெரிஞ்ச எத்தனை நொடியில கை அசையுதுன்னு அளக்குறது மாதிரி.

விட்மரோட வகுப்புக்கு மார்கரெட் மகுவயர்னு ஒரு பள்ளி ஆசிரியை வந்துட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட 14 வயசுப் பையன் ஒருத்தன். மத்ததுல சுமாரா இருக்கான், எழுத்துக்கூட்டி எழுத மட்டும் வரவே இல்லை. உளவியல்னு ஒரு அறிவியல் இருந்தா இந்தப் பையனுக்கு அது உதவணும் இல்லையான்னு அவங்க நினைச்சாங்க. பையனைக் கூட்டிட்டு வந்தாங்க.

விட்மர் பாத்ததுல முதல் விஷயம், பையனோட கண்ணுல கோளாறு. கண்ணாடி போட ஏற்பாடு பண்ணாங்க. ஆனா கண்ணாடி போட்ட உடனே ஸ்பெல்லிங் வந்துடலை. அத்தனை வருஷம் தப்பாப் பதிஞ்சதை மாத்தி, வேற விதமா சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதை விட்மர் தனியாப் பண்ணலை, ஆசிரியையோட சேர்ந்து பண்ணார். அந்த வருஷமே பல்கலைக்கழகத்துல அவர் ஆரம்பிச்ச க்ளினிக்கைத்தான் பள்ளி உளவியலுக்கும் க்ளினிக்கல் சைக்காலஜிக்கும் தொடக்கப் புள்ளின்னு சொல்வாங்க.

இந்தக் கதையில எனக்குப் பிடிச்சது ஒரு சின்ன விஷயம். பையனுக்குப் "படிப்பு ஏறல"ன்னு முடிவு கட்டுறது ரொம்ப ஈஸி. நம்ம ஊர்ல அதுக்கு மேலயும் போவாங்க: மாடு மேய்க்கத்தான் லாயக்கு. அந்த முடிவைத் தள்ளி வெச்சுட்டு, முதல்ல கண்ணு, அப்புறம் கத்துக்கொடுத்த விதம், அப்புறம் சில மாசம் கூடவே இருந்து பாக்குறதுன்னு ஒவ்வொண்ணாப் போனாங்க. முடிவைத் தள்ளிப் போடத் தெரியறதுதான் இந்தத் தொழிலோட முதல் திறமை. அந்தத் திறமை எவ்வளவு சீக்கிரம் காணாமப்போச்சுன்னு அடுத்துப் பாப்போம்.

ஈரப்பத மீட்டரும் ஐக்யூவும்

1904-ல ஃப்ரான்ஸ் அரசாங்கம் ஒரு குழு போட்டுச்சு. கட்டாயக் கல்வி வந்தாச்சு, எல்லாப் பிள்ளைங்களும் பள்ளிக்கூடத்துக்கு வராங்க. தனியா உதவி தேவைப்படுற பிள்ளைங்க யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆல்ஃப்ரெட் பினேவும் தியோடர் சிமோனும் 1905-ல ஒரு தேர்வுத் தொகுப்பு கொண்டுவந்தாங்க. இன்னைக்கு நாம ஐக்யூ டெஸ்ட்னு சொல்றதுக்கெல்லாம் தாத்தா அதுதான். யாருக்கு உதவி வேணும்னு பாக்கத்தான் அதைச் செஞ்சாங்க. ஒருத்தரோட அறிவுக்கு இவ்வளவுதான் எல்லை, அதை வளர்க்க முடியாதுன்னு சொன்னவங்களை பினேவே எதிர்த்து எழுதினார். 1911-ல அவர் இறந்துட்டார். டெஸ்ட் மட்டும் கடல் தாண்டிப் போயிடுச்சு.

1913-ல லண்டன் மாநகர நிர்வாகம் சிரில் பர்ட்டைப் பள்ளிகளுக்கான உளவியலாளரா நியமிச்சது. பிரிட்டன்ல அந்த வேலைக்கு வந்த முதல் ஆள். 1915-ல அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலம் ஆர்னால்ட் கெசலை நியமிச்சது. "ஸ்கூல் சைக்காலஜிஸ்ட்"ங்கிற பதவிப் பேரோட வேலை பாத்த முதல் ஆள் அவர்னு சொல்வாங்க. முனைவர் பட்டமும் மருத்துவப் பட்டமும் வெச்சிருந்தவர். ஆனா அவருக்குப் பின்னாடி வந்த பெரும்பாலானவங்க அவ்வளவு படிச்சவங்க இல்லை. டெஸ்ட் வைக்கக் கத்துக்கிட்டு, எண்ணைக் குறிச்சு, பிள்ளையை எந்த வகுப்புல போடணும்னு சொல்றதே வேலையாப்போச்சு.

அது எங்க போய் முடிஞ்சதுன்னா, கலிஃபோர்னியாவுல கருப்பினப் பிள்ளைங்க அவங்க எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவுல "மந்த புத்தி" வகுப்புகள்ல குவிஞ்சாங்க. 1971-ல பெற்றோர் கோர்ட்டுக்குப் போனாங்க. லேரி பி. வழக்குன்னு பேரு. 1979-ல தீர்ப்பு: அந்த வகுப்புகள்ல போடுறதுக்காகக் கருப்பினப் பிள்ளைங்களுக்கு ஐக்யூ டெஸ்ட் வைக்கக் கூடாது. பர்ட்டுக்கும் அதே எழுபதுகள்ல சிக்கல். அறிவு பரம்பரையா வருதுன்னு காட்ட அவர் கொடுத்த இரட்டையர் கணக்குகள் நம்புற மாதிரி இல்லைன்னு, அவர் இறந்த பிறகு பெரிய சர்ச்சை.

டெல்டாக்காரங்களுக்கு இது புரிய ஒரு உதாரணம் போதும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல ஈரப்பத மீட்டர் இருக்கும். 17 சதவீதம் தாண்டினா வாங்க மாட்டாங்க. எங்க சித்தப்பா நெல்லு 20 காட்டுதுன்னு வெச்சுக்குவோம். மீட்டர் பொய் சொல்லலை, நெல்லு ஈரம்தான். ஆனா ஏன் ஈரம்? அறுப்பு நேரத்துல மழையா? பத்து நாளா மூட்டை ரோட்டோரத்துல கிடந்ததா? அதை மீட்டர் சொல்லாது. அதனாலதான் மழை வருஷங்கள்ல மத்தியக் குழு வந்து பாத்துட்டு, அளவைத் தளர்த்தலாமான்னு முடிவெடுக்குது. நெல்லுக்கே ஒரு குழு வந்து காரணம் கேக்குது. பிள்ளைக்கு வர்ற எண்ணுக்குக் காரணம் கேக்க ஒரு ஆள் வேணாமா?

1954, ஒரு ஹோட்டல்ல நடந்த விவாதம்

அந்த ஆளுக்கு எவ்வளவு படிப்பு வேணும்? இதுக்காகவே 1954 ஆகஸ்ட்ல நியூயார்க் மாநிலம் வெஸ்ட் பாயின்ட்ல இருக்குற தேயர் ஹோட்டல்ல ஒரு மாநாடு நடந்துச்சு. பள்ளி உளவியல் வரலாறுல தேயர் மாநாடுன்னா எல்லாருக்கும் தெரியும். அங்க ரெண்டு நிலை பேசினாங்க. ஒண்ணு முனைவர் பட்டம். இன்னொண்ணு, பட்டப்படிப்புக்குப் பிறகு ரெண்டு வருஷப் பயிற்சி. அந்த விவாதம் இன்னைய வரைக்கும் முடியலை. அமெரிக்க உளவியல் சங்கம் "சைக்காலஜிஸ்ட்"ங்கிற பேரு முனைவர் பட்டம் வாங்கினவங்களுக்குத்தான்னு சொல்லுது. 1969-ல உருவான பள்ளி உளவியலாளர் சங்கம், முனைவருக்கு ஒரு படி கீழ இருக்குற படிப்பே போதும்னு சொல்லுது.

ஆனா ரெண்டு தரப்பும் ஒத்துப்போற இடம் ஒண்ணு இருக்கு, அதுதான் முக்கியம். இன்டர்ன்ஷிப். பள்ளி உளவியலாளர் சங்கத்தோட தர விதிப்படி முதல் வகையினருக்கு 1,500 மணி நேரம், இரண்டாம் வகையினருக்கு 1,200 மணி நேரம். அதுல குறைஞ்சது 600 மணி நேரம் பள்ளிக்கூடத்துக்குள்ளயே இருக்கணும். அந்த நேரம் முழுக்க ஒரு அனுபவசாலி மேற்பார்வை பண்ணுவாங்க. சூப்பர்விஷன்னு சொல்றது இதைத்தான்.

எங்க தொழில்ல கோட் ரிவ்யூன்னு ஒண்ணு உண்டு. புதுசா சேர்ந்தவங்க எழுதின கோடு நேரா ப்ரொடக்‌ஷனுக்குப் போகாது. சீனியர் ஒருத்தர் வரி வரியாப் பாத்து, இதை ஏன் இப்படி எழுதினேன்னு கேப்பாங்க. பதில் சொல்ல முடியலைன்னா திருப்பி அனுப்புவாங்க. பள்ளி உளவியலாளர் பயிற்சியில சூப்பர்வைசர் கேக்குறதும் அதேதான்: இந்தப் பிள்ளைக்குக் கவனக்குறைபாடுன்னு எழுதியிருக்கியே, காது கேக்குதான்னு பாத்தியா? வீட்ல என்ன மொழி? காலையில சாப்பிட்டு வந்தானா? டீச்சர்கிட்ட எத்தனை தடவை பேசினே? இதைப் புத்தகத்துல படிச்சு மனப்பாடம் பண்ண முடியாது. ஒருத்தர் பக்கத்துல உக்காந்து கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

இங்கிலாந்துல இது இன்னும் சுவாரஸ்யம். ரொம்ப காலமா அங்க கல்வி உளவியலாளர் ஆகணும்னா முதல்ல ஆசிரியரா வேலை பாத்திருக்கணும், அப்புறம் ஒரு முதுகலைப் படிப்பு. 2006-ல மாத்தி, மூணு வருஷ முனைவர் படிப்பு ஆக்கினாங்க. ஆசிரியரா இருந்திருக்கணும்ங்கிற நிபந்தனையை எடுத்துட்டாங்க. பயிற்சியோட பெரும்பகுதி கள வேலை. கூடவே ஒரு ஆய்வேடு.

ஆய்வேடு எதுக்கு? பிள்ளையோட பேசுறவருக்கு ஆராய்ச்சி தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? இந்தக் கேள்விக்கு நல்ல பதில் பேரிடர் வரலாறுலதான் இருக்கு. எண்பதுகள், தொண்ணூறுகள்ல உலகம் முழுக்க ஒரு வழக்கம் பரவுச்சு. விபத்தோ பேரிடரோ நடந்த சில நாள்ல, தப்பிச்சவங்களை உக்கார வெச்சு, நடந்ததை எல்லாம் ஒரே தடவையில வாய்விட்டுச் சொல்ல வைக்கிறது. கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு? மனசுல இருக்குறதைக் கொட்டிட்டா பாரம் குறையும்னுதான் நாமளும் நினைப்போம். ஆனா ஆய்வுகளை எல்லாம் ஒண்ணாச் சேத்துப் பாத்தப்போ, 2002 வாக்குல தெளிவாச்சு: அந்த ஒரு நாள் அமர்வு பிற்காலப் பாதிப்பைக் குறைக்கலை. சில பேருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருக்கு. சுனாமிக்குப் பிறகு, 2007-ல ஐநா அமைப்புகளும் உதவி அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட மனநல வழிகாட்டு நெறிமுறைகள் அதைப் பண்ணாதீங்கன்னே சொல்லிடுச்சு.

நல்ல மனசோட பண்ற ஒரு காரியம் உண்மையிலேயே நல்லது பண்ணுதான்னு அளந்து பாக்கத் தெரியணும். முனைவர் பயிற்சியோட ஆராய்ச்சிப் பாதி இதுக்குத்தான். 1949-ல கொலராடோ மாநிலம் போல்டர் நகரத்துல நடந்த மாநாடு, க்ளினிக்கல் உளவியலாளர் அறிவியலாளராவும் இருக்கணும், களத்துல சிகிச்சை தர்றவராவும் இருக்கணும்னு சொன்னதுக்கும் அர்த்தம் இதுதான்.

இங்க முதல்ல வந்தது டெஸ்ட்

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். 1929-ல, லாகூர்ல வேலை பாத்த ஹெர்பர்ட் ரைஸ், பினே டெஸ்டை ஹிந்துஸ்தானியில மாத்தி வெளியிட்டார். 1940-ல வி.வி. காமத், தார்வார் பக்கம் கன்னடமும் மராத்தியும் பேசுற பிள்ளைங்களை வெச்சு உருவாக்கின டெஸ்டைப் புத்தகமா கொண்டுவந்தார். பினே-காமத் டெஸ்ட்னு இன்னைக்கும் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகள்ல கேள்விப்படுவீங்க. 1943-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.டி. போவாஸ் தலைமையில உளவியல் துறை ஆரம்பிச்சது. 1954-ல, அதாவது அமெரிக்காவுல தேயர் மாநாடு நடந்த அதே வருஷம், பெங்களூர்ல அகில இந்திய மனநல நிறுவனம் வந்துச்சு. பின்னாடி அதுதான் நிம்ஹான்ஸ். அடுத்த வருஷமே அங்க மருத்துவ உளவியல் பயிற்சிப் படிப்பு ஆரம்பிச்சாங்க. எம்ஃபில் க்ளினிக்கல் சைக்காலஜிங்கிற படிப்போட வேர் அது.

இந்த வரிசையைக் கவனிங்க. டெஸ்ட் வந்துச்சு, பல்கலைக்கழகத் துறை வந்துச்சு, ஆஸ்பத்திரி உளவியலாளர் வந்தார். பள்ளிக்கூட உளவியலாளர் மட்டும் வரலை. 1992-ல இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் வந்தப்போ பதிவு பண்ண வேண்டிய தொழில்களை வகை பிரிச்சாங்க. மொத்தம் 16 வகை. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இருக்கு, மறுவாழ்வு உளவியலாளர் இருக்கு, சிறப்பாசிரியர் இருக்கு. பள்ளி உளவியலாளர்ங்கிற வகை அதுல இல்லை.

அதனால ஒரு விசித்திரமான பிளவு. க்ளினிக்கல் எம்ஃபில் படிச்சவங்களுக்கு ரெண்டு வருஷம் மேற்பார்வையோட பயிற்சி உண்டு, ஆனா அது ஆஸ்பத்திரியில. உளவியல்ல பிஎச்டி பண்றவங்க பள்ளிப் பிள்ளைங்களைப் பத்தியே ஆய்வு பண்ணலாம், ஆனா அது ஆய்வேடு. கேள்வித்தாள் கொடுத்து, கணக்குப் போட்டு, கட்டுரை வெளியிட்டு, வாய்மொழித் தேர்வு முடிச்சா முனைவர். வழிகாட்டி உங்க அத்தியாயத்தைத் திருத்துவார். நீங்க ஒரு பிள்ளையோட எப்படிப் பேசினீங்கன்னு அவர் பாக்கணும்னு பிஎச்டி விதிகள்ல கட்டாயம் இல்லை. விட்மர் 1896-ல ஒண்ணாச் சேத்து வெச்ச ரெண்டும் இங்க தனித்தனிக் கட்டடத்துல இருக்கு.

இதுக்கு நடுவுல பாலம் போட முயற்சி பண்ணவங்களும் உண்டு. நிம்ஹான்ஸ்ல மாளவிகா கபூர் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, பள்ளியிலயே பிள்ளைங்க மனநலத்தைக் கவனிக்கிற வழிகளைப் பல வருஷம் முயற்சி பண்ணாங்க. இந்தியப் பள்ளிகளோட மனநலம் பத்தி 1997-ல புத்தகமே எழுதினாங்க. சுனாமிக்குப் பிறகு நிம்ஹான்ஸ் நாகை பக்கம் பயன்படுத்தினதும் இதே மாதிரி முறைதான். ஒடிசா புயல், குஜராத் பூகம்பத்துல கத்துக்கிட்ட மாதிரி உள்ளூர் ஆட்களுக்கும் ஆசிரியர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி. அந்த அவசரத்துல அதைவிட நல்ல வழி இருந்திருக்காது. ஆனா அவசரம் முடிஞ்சதும் வந்தவங்க கிளம்பித்தானே ஆகணும்?

ழ-வும் ள-வும்

பக்கத்து ஊர் டெஸ்ட் நம்ம பிள்ளைக்கு ஏன் அப்படியே பொருந்தாதுன்னு ஒரு நிமிஷம் பாப்போம். இங்கிலீஷ்ல வாசிப்புக் கோளாறுன்னா உடனே சொல்ற உதாரணம், பி-யையும் டி-யையும் இடம் வலமா மாத்தி எழுதுறது. தமிழ்ல அந்தச் சிக்கலே கிடையாது. நமக்கு வேற சிக்கல். 247 எழுத்து. ண, ன, ந. ல, ள, ழ. 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூணுலயும் அதே 'க' குடும்பம், ஆனா மூணு சத்தம். கொம்பு எழுத்துக்கு முன்னாடி வரும், சத்தம் பின்னாடி வரும்.

அதுக்கு மேல இரட்டை வழக்கு. பிள்ளை வீட்ல "தண்ணி வந்துடுச்சு"ன்னு சொல்லும், பாடப் புத்தகத்துல "தண்ணீர் வந்துவிட்டது"ன்னு இருக்கும். ஒண்ணாங் கிளாஸ் பிள்ளை எழுத்தோட சேத்து கிட்டத்தட்ட இன்னொரு மொழியையும் கத்துக்குது. "வந்துச்சு"ன்னு எழுதுற பிள்ளைக்குக் கோளாறா, இல்லை காதால கேட்டதை நேர்மையா எழுதுதா? இதைப் பிரிச்சுச் சொல்லத் தமிழும் தெரியணும், வாசிப்பு உளவியலும் தெரியணும், அந்த ஊர்ப் பள்ளிக்கூடமும் தெரியணும்.

இது வெறும் கல்வி விவாதம் இல்லை, சட்டப்படி விளைவு இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைப் பட்டியல்ல சேத்துச்சு. 2018-ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதல்ல, சான்று கொடுக்க குழந்தை மருத்துவர் பாக்கணும், உளவியலாளர் ஐக்யூ டெஸ்டும் நிம்ஹான்ஸ் தொகுப்பும் வைக்கணும்னு சொல்லியிருந்தாங்க. அதுவும் பிள்ளைக்கு 8 வயசு ஆன பிறகுதான். சான்று கிடைச்சா பரீட்சையில கூடுதல் நேரம், எழுதித் தர ஆள்னு சலுகை உண்டு. சென்னையில 1991-ல இருந்தே டிஸ்லெக்சியா சங்கம் இருக்கு, அங்க இருக்குற பெற்றோருக்கு வழி தெரியும். பேராவூரணி பக்கத்துல ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு? அது 'மக்கு'ங்கிற பேரோட பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்து, அங்கயே நின்னுடும்.

வண்டி, அப்புறம் ஃபோன்

அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலைன்னு சொல்ல முடியாது. பத்து, பன்னிரண்டு வருஷம் முன்னாடி பள்ளிக்கல்வித் துறை நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைக் கொண்டுவந்தது. 10 வண்டி. அப்போ தமிழ்நாட்டுல 32 மாவட்டம். கணக்குப் போட்டா மூணு மாவட்டத்துக்கு ஒரு வண்டி. 2018-ல 14417 உதவி எண் வந்துச்சு. 2022-ல மத்திய அரசோட மனநல எண் 14416. வட்டார வள மையங்கள்ல சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்காங்க. மாற்றுத்திறன் பிள்ளைங்க வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கிறவங்க. இன்னைக்கு நம்ம ஊர்ல பள்ளி உளவியலாளருக்குக் கிட்டத்துல வர்ற வேலையைப் பாக்குறது அவங்கதான்.

ஆனா ஒண்ணு யோசிங்க. கும்பகோணம் தீ விபத்து வழக்குல தஞ்சாவூர் கோர்ட் தீர்ப்பு சொன்னது 2014 ஜூலை 30. தீயில தப்பிச்சப்போ எட்டு வயசா இருந்த பிள்ளைக்கு அன்னைக்கு 18 வயசு. நடுவுல பத்து வருஷம், பத்து ஜூலை 16. ஒவ்வொரு நினைவு நாளுக்கும் டிவியில அதே படங்கள். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு நாள் வந்துட்டுப் போற வண்டி இல்லை. ஆறாங் கிளாஸ்லயும் இருந்து, பத்தாங் கிளாஸ்லயும் இருந்து, "இவன் முன்ன இப்படி இல்லையே"ன்னு சொல்லக்கூடிய ஒரு ஆள்.

2004-ல எனக்கு ஆறு வயசு. தீ விபத்துக்கு அப்புறம் பள்ளிக்கூடங்கள்ல கீத்துக் கொட்டகையை எல்லாம் பிரிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. எங்க பள்ளிக்கூடத்துலயும் பிரிச்சாங்க, கொஞ்ச நாள் மரத்தடியில வகுப்பு நடந்தது எனக்கு மங்கலா ஞாபகம் இருக்கு. கூரைக்கு ஒரு உத்தரவு போட்டா வேலை முடிஞ்சுது, ஏன்னா ஓடும் சிமென்ட்டும் லாரியில வரும். டெஸ்ட் புத்தகத்தையும் லாரியில அனுப்பலாம். உதவி எண்ணை ஒரே நாள்ல மாநிலம் முழுக்கத் திறக்கலாம். பிள்ளையைப் பாத்து, அவசரப்படாம, சரியா முடிவெடுக்கத் தெரிஞ்ச ஒரு ஆளை மட்டும் அனுப்ப முடியாது. அவங்களை உருவாக்கணும். அதுக்கு ஆறேழு வருஷம் ஆகும், அப்புறம் அவங்களுக்கு இங்கயே ஒரு பதவி, ஒரு நாற்காலி, ஒரு சம்பளம் வேணும்.

எல்லாப் பள்ளிக்கும் ஒரு முனைவர் வேணும்னு நான் கேக்கலை. அமெரிக்கச் சங்கம் 500 பிள்ளைக்கு ஒருத்தர்னு பரிந்துரைக்குது, அவங்களாலயே அதை எட்ட முடியலை. என் யோசனை சின்னது. மாவட்டத்துக்கு முழுப் பயிற்சி எடுத்த சில பேர் இருந்தா, அவங்க சிறப்புப் பயிற்றுநர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் சூப்பர்வைசரா இருக்கலாம். ஒவ்வொரு வாரமும் "இந்தப் பிள்ளையை ஏன் இப்படி எழுதினீங்க"ன்னு கேக்க ஒரு ஆள். முனைவர் பயிற்சி நம்ம ஊருக்குத் தர வேண்டியது முதல்ல இதைத்தான். தேயர்ல பேசின ரெண்டு நிலையும் இதுல அடங்கிடும்.

அதுவரைக்கும் நாம பண்ணக்கூடியது ஒண்ணு. உங்க பிள்ளைக்கு யாராவது டெஸ்ட் வெச்சு ஒரு எண்ணைக் கையில கொடுத்தா, மரியாதையா மூணு கேள்வி கேளுங்க. இந்த டெஸ்ட் எந்த மொழிப் பிள்ளைங்களுக்காகச் செஞ்சது? கண்ணு, காது, வீட்டு நிலைமை எல்லாம் பாத்துட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தீங்களா? அடுத்து எப்போ மறுபடி பாப்பீங்க? நல்லாப் பயிற்சி எடுத்தவங்க இந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க. உளவியல் படிச்சுட்டு இந்தத் துறைக்கு வரணும்னு நினைக்கிற தம்பி தங்கச்சிங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கு: சேரப்போற படிப்புல நான் பிள்ளைங்களோட வேலை பாக்குறதை யாராவது பக்கத்துல இருந்து பாப்பாங்களா, எத்தனை மணி நேரம்? அட்மிஷன் ஆஃபீஸ்ல முதல்ல இதைக் கேளுங்க. பட்டத்தோட பேரு அப்புறம்.

உடனடியாப் பேசணும்னா பள்ளிப் பிள்ளைங்களுக்கு 14417, மனநலத்துக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098. மூணுமே இலவசம்.

அடுத்த எபிசோட்ல மேட்டூர் அணை கட்டினப்போ டெல்டாவுல நடந்த தண்ணிக் கணக்கைப் பாப்போம். இந்த எபிசோடை உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சருக்கு அனுப்புங்க. அவங்க வகுப்புல ஸ்பெல்லிங் வராத ஒரு பையன் நிச்சயம் இருப்பான்.